அவருக்குப் பிறகும் அம்மா இருந்தால்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டதும் கேட்கிற முதல் கேள்வி, "அன்ரி, ஆகக் கஷ்டமான சொல் எது?" என்பதுதான். நீதிமன்றத்து லத்தீனையோ, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத ஏதாவது நோயின் பெயரையோ சொல்லப்போகிறேன் என்று பேனாவும் கையுமாக நிற்பீர்கள். அவையெல்லாம் சுலபம் பிள்ளைகளே. தெரியாவிட்டால், "எனக்கு விளங்கவில்லை, விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடலாம். யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்தான் காலை வாருவது. என்னைக் கேட்டால் 'சர்வைவ்' என்பேன்.

சிரிக்கவேண்டாம். அகராதியில் அதற்குப் பொருள் இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லை எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒப்பிரேசன் முடிந்து வெளியே வரும் டாக்டர் அதைச் சொல்வார். அரசாங்கம் தருகிற இந்தப் பெனிபிட் காசில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிற கவுன்சில் உத்தியோகத்தரும் அதைத்தான் சொல்வார். மரண அறிவித்தலில் யார் யாரை விட்டுப்போனார் என்பதற்கும் அதே சொல். இது போதாதென்று, பஸ் ஸ்டாப்பில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் வெள்ளைக்காரர் தோளைக் குலுக்கி, 'சர்வைவிங்' என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர், தன்னோடு ஷிப்ட் செய்த வெள்ளைக்காரர் திங்கட்கிழமை தோறும் இந்தப் பதிலைச் சொல்வதைக் கேட்டு, மனிதருக்கு ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதோ கண்டம் வந்து தப்புகிறது என்று முடிவு கட்டி, கோயிலில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனையே செய்துவிட்டார். விபூதிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட அந்த வெள்ளைக்காரர், அதைக் கடைசிவரை தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம்.

நான் சொல்ல வந்தது வேறு கதை. இந்த நகரத்தில் ஈஸ்ட் ஹாமிலிருந்து டூட்டிங் வரை, ஆஸ்பத்திரி, கவுன்சில், சொலிசிட்டர் அலுவலகம் என்று அலைந்த என் காலத்தில், ஒரே ஒரு சொல்லால் ஒரு மனிதரின் உயிர் ஊசலாடியதை ஒரு தடவைதான் கண்டேன். ஆட்களின் பெயர் சொல்லமாட்டேன். நீங்களும் உங்கள் கதைகளைச் சொல்லும்போது சொல்லக்கூடாது. அன்று நான் அந்தப் புருசன் பெண்சாதியை ஐயா, அம்மா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல் சொலிசிட்டர் ஒருவரின் வக்கீல் அலுவலகம். ஒடுங்கிய மரப்படி. வெள்ளிக்கிழமை காலை. ஐயா நான்கு படி ஏறுவார், நிற்பார், சுவரில் ஒட்டியிருந்த வாடகை அறிவித்தலை அக்கறையாக வாசிப்பது போலப் பாவனை செய்வார், பிறகு நான்கு படி. அந்தப் பாவனை யாருக்காக என்று எனக்கு உடனேயே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த அம்மா பயப்படக்கூடாது என்பதற்காக. அம்மாவும் அந்த அறிவித்தலைத் தானும் வாசிப்பது போல நின்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

ஐயா ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இங்கே வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை பார்த்து ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீடு வாங்கியவர். ஒரே மகள், அவளும் கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டாள். ஐயாவுக்கு நெஞ்சில் அடைப்பு. வருசக்கணக்காகக் காத்திருந்து, வருகிற திங்கட்கிழமை பைபாஸ் ஒப்பிரேசனுக்கு இடம் கிடைத்திருந்தது. இனியும் தள்ளிப்போடக்கூடாது, தள்ளிப்போட்டால் ஆளைப் பறிகொடுக்கவேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஐயாவுக்கு ஒரு பிடிவாதம். அவருடைய தகப்பனார் உயில் எழுதாமல் கண்ணை மூடியதால், ஒரு கிணற்றுப் பங்குக்காகச் சகோதரங்கள் செத்த வீட்டுக்குக்கூடப் போய்வராமல் போனதைக் கண்டவர் அவர்.

"ரெண்டு பேரின்ரை உயிலிலையும் கையெழுத்து விழாமல் நான் கத்திக்குக் கீழை படுக்கமாட்டன் பிள்ளை" என்று படியிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முதல் அலுவலை முடிச்சுப்போடவேணும்."

சொலிசிட்டர் அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர். ஒல்லியான, அமைதியான மனிதர். அவருடைய கோட்டின் கைப்பொத்தான் ஒன்று நீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. கோட்டு மண்ணிறம். நான் அதைப் பார்த்ததும் மறந்ததும் ஒன்று. அம்மா மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு உயில்கள். புருசனுடையது ஒன்று, பெண்சாதியுடையது ஒன்று. ஆளை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே வசனந்தான். முதலில் அம்மாவுடையதை வாசித்தார். 'என் கணவர் என்னைச் சர்வைவ் பண்ணினால் எல்லாம் அவருக்கே' என்கிற வரி. "உங்களுக்குப் பிறகு ஐயா உயிரோடை இருந்தால் எல்லாம் அவருக்குத்தான்" என்றேன். அம்மாவின் முகம் பூவாக மலர்ந்துவிட்டது.

"நல்ல வசனம்" என்றார். "என்ன வடிவாய் எழுதியிருக்கிறார். மனுசன் நல்லாயிருக்கவேணும்."

சொலிசிட்டருக்கும் சந்தோசம். அடுத்து ஐயாவின் உயில். அதே வரி, ஆள் மாறி. அங்கேதான் வந்தது வினை. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் கொஞ்சம் சட்டத் தமிழாக இருக்கட்டுமே என்று நினைத்து, "ஐயா காலமான பிறகு நீங்கள் மிஞ்சியிருந்தால்" என்று சொல்லி வைத்தேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஞ்சியிருக்கிறதுக்கு நான் என்ன, நேற்றையச் சோறே?"

"இல்லை அம்மா, நீங்கள் உயிரோடை இருந்தால் எண்டு..."

"அது அதிலும் மோசம். பூவோடையும் பொட்டோடையும் போகவேணும் எண்டு நான் கும்பிடாத கோயிலில்லை. இந்த மனுசன் திங்கட்கிழமை ஒப்பிரேசனுக்குப் போறார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் அவருக்குப் பிறகு நான் இருப்பன் எண்டு பேப்பரிலை எழுதி, அதுக்கு அவரையே கையெழுத்து வைக்கச் சொல்லுறியளே? ஏலாது."

நான் மொழிபெயர்த்தேன். எதையும் விடவில்லை, சோற்றையும் விடவில்லை. என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஒரு கிரேக்கப் பெண்மணி. "அறையில் எது சொல்லப்பட்டாலும் மறுபக்கத்துக்குப் போகவேண்டும். கோபமும் போகவேண்டும். பிடித்ததைப் பொறுக்கிக் கொடுக்க நீ மரக்கறிக் கடையில் நிற்கவில்லை" என்பார். அந்தக் குரல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சொலிசிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். இது வெறும் ஏற்பாடு, யாரும் அப்படி நடக்கவேண்டும் என்று விரும்பவில்லை என்றார். சொன்னேன். அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"என்ரை பேப்பரிலை இருக்கிற வசனம் நல்ல வசனம்தானே. இவர் இருப்பார் எண்டு. அதையே இவரின்ரை பேப்பரிலையும் போடச் சொல்லும்."

"ஒருவர் தனக்குப் பிறகும் தானே இருக்க முடியாது என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றார் சொலிசிட்டர், பாவம், மிகுந்த மரியாதையோடு.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஐயாவுக்குக் கோபம் வந்தது.

"இஞ்சேரும், நீர் முதல் போனால் எனக்கு ஆர் இருக்கினம்? எப்ப பார்த்தாலும் நான் முதல் போவன், நான் முதல் போவன் எண்டு. பஸ்ஸிலை இடம் பிடிக்கிற மாதிரி!"

"நான் கும்பிட்டுக் கேட்டதை நீங்கள் ஒரு கையெழுத்திலை அழிப்பியளோ?" என்று அம்மா எழுந்தார். கண் கலங்கிவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியின் உச்சியில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளே, இனித்தான் கவனமாகக் கேட்கவேண்டும்.

அம்மா வெளியே போனதும் ஐயா என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த வசனத்தை எடுத்தாச்சு எண்டு சொல்லிவிடும். அவ வந்து கையெழுத்தை வைக்கட்டும். திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். ஆருக்கு என்ன நட்டம்?" என்றார்.

ஆருக்கு என்ன நட்டம்! அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. மனுசரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பொய், அதுவும் அவருடைய உயிரைக் காப்பாற்றுகிற பொய். என் வாயில் அது வந்தும்விட்டது என்று சொன்னால் நம்புங்கள். அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய கொள்கைகள் எதுவும் ஞாபகம் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா பிறகு ஒருநாள் மகளை விட்டு அந்தப் பேப்பரை வாசிப்பிப்பார். புருசன் நெஞ்சு வெட்டுப்பட்டுக் கிடக்கிற நேரத்தில் வாசிப்பித்தாலும் வாசிப்பிப்பார். அப்போது, தன் ஊர்ப் பிள்ளை தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள் என்பதும், அதைச் சொல்லச் சொன்னது தன் புருசன் என்பதும் ஒன்றாகத் தெரியவரும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"ஐயா, நீங்கள் இப்ப சொன்னதையும் நான் இவருக்குச் சொல்லவேணும்" என்றேன்.

"சொல்லாமல் விட்டால்?"

"விட்டால் நாளைக்கு நீங்கள் சொல்லுறது எதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

சொன்னேன். சொலிசிட்டர் உயில்கள் இரண்டையும் மெதுவாக மூடினார். அம்மா விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்கத் தான் விடமுடியாது என்றார். மத்தியானத்தோடு தான் விடுமுறையில் போகவேண்டும், திரும்ப ஒரு வாரமாகும் என்பதையும் சொன்னார். ஐயா மேசையில் கையை ஊன்றி எழுந்தார். "அப்ப திங்கட்கிழமை நான் போகேல்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிவிடும்" என்றார்.

செய்தது பிழையோ என்று நினைத்தேன். அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது. அம்மாவின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"இஞ்சேருங்கோ. ராகு காலம் துவங்கீட்டுது. இப்ப ஒருத்தரும் ஒண்டும் செய்யவேண்டாம். வெளிக்கிடவும் வேண்டாம்."

சண்டை சண்டையாக இருக்கட்டும், ராகு காலத்தில் எந்த முடிவும் எடுக்கப்படக்கூடாது. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐயா திரும்பவும் உட்கார்ந்தார். நான் சொலிசிட்டருக்கு ராகு காலத்தை விளக்கினேன். இந்த நேரத்தில் நல்ல காரியம் எதுவும் தொடங்கமாட்டோம், ஐயாவால் இந்தப் படியை இறங்கித் திரும்ப ஏறமுடியாது, ஆகவே பன்னிரண்டு மணிவரை நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்றேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வேறு ஆளென்றால் கதவைக் காட்டியிருப்பார். இவர், "அப்படியானால் தேநீர் போடுகிறேன்" என்று எழுந்து போனார்.

அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். உள்ளே வந்து உட்கார்ந்து, திறந்திருந்த கதவினூடாக அவர் கேத்திலை வைப்பதையும், கோப்பையைக் கழுவித் துடைப்பதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார். பிறகு அவருடைய கையைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பொத்தானை ஆர் தைச்சது எண்டு கேளும்" என்றார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அலுவலோடு சம்பந்தமில்லாத கேள்வி. சொந்தக் கேள்வியும்கூட. இது அலுவல் நேரமில்லை என்று நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அறையில் சொல்லப்பட்டதெல்லாம் போகவேண்டும் என்றால் இதுவும் போகத்தான் வேண்டும். கேட்டேன்.

அவர் பொத்தானைப் பார்த்துச் சிரித்தார். "நான்தான். பார்த்தாலே தெரியவில்லையா?" என்றார்.

"மனுசி?" என்றார் அம்மா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குரலே சொல்லிவிட்டது.

மனைவி இறந்து ஆறு வருசம் என்றார். பிறகு, தான் மற்றவர்களுக்காகத் தினமும் எழுதுகிற அந்தச் சொல்லைத் தனக்கே சொல்லிக்கொண்டார். 'ஐ சர்வைவ்ட் ஹெர்' என்றார், தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.

காலையிலிருந்து என்னோடு மல்லுக்கட்டிய சொல், இப்போது ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்தது. நான் அதை மிஞ்சியது என்று சொல்லவில்லை, உயிர் தப்பியது என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் வெள்ளைக்காரர் சொல்வார்களே, அதற்கு நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஏதோ இருக்கிறம்" என்பார்கள். அது வந்தது எனக்கு.

"அவ போன பிறகும் நான் இருக்கிறன் எண்டு சொல்லுறார் அம்மா."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். கீழே சப்பாத்துக் கடையில் யாரோ புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

"சாப்பாடு?" என்றார் அம்மா.

முதல் வருசம் ரொட்டிப் பாணும் டின் பீன்சும்தான் என்றார் அவர். மனைவி சமையலறைக்குள் தன்னை விடவேயில்லை, உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது, ஒருநாள் தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அம்மா மெதுவாகத் திரும்பி ஐயாவைப் பார்த்தார். ஐயா தன் தேநீரில் நான்காவது கரண்டி சீனியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ" என்றார் அம்மா. "இந்த மனுசனுக்குத் தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாதே!"

"எனக்கு ஏன் அது? நீர் இருக்கிறீர்தானே" என்றார் ஐயா.

"அதைத்தானே இவ்வளவு நேரமும் இந்தப் பிள்ளை வாசிக்குது!"

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருசமாகக் கோயில் கோயிலாகப் போய் முதல் போகவேண்டும் என்று கும்பிட்டவர், அப்படிப் போனால் அடுத்த நாள் காலையில் இந்த மனுசர் என்ன சாப்பிடுவார் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தார் போலிருந்தது. ராகு காலம் முடியும்வரை யோசித்தார். சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, அந்த வசனத்தைத் திருப்பி வாசியும்."

"ஐயாவுக்குப் பிறகும் நீங்கள் இருந்தால், எல்லாம் உங்களுக்கு" என்றேன். "அவர் போய் இருபத்தெட்டு நாள் வரைக்கும் நீங்கள் இருக்கவேணும் எண்டும் கிடக்கு. சட்டத்திலை வழக்கமாய் அப்பிடி ஒரு கணக்கு வைக்கிறவை."

"இருபத்தெட்டோ? அந்தியேட்டிக்கு முதலே?" அம்மாவுக்கு மறுபடி சூடேறியது. "முப்பத்தோராம் நாள்தானே அந்தியேட்டிக் கிரியை. வீடு நிறையச் சனம் வரும். அதைச் செய்து முடிக்காமல் நான் எங்கை போறது? முப்பத்தொண்டு எண்டு போடச் சொல்லும்."

ஒரு நாள்கூட இருக்கமாட்டேன் என்று காலையில் எழுந்து போனவர்! ஐயா வாய்விட்டுச் சிரித்தார், சிரித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா, "சிரியாதேங்கோ, சிரியாதேங்கோ" என்று முதுகைத் தடவினார். விசயத்தைச் சொன்னதும், சொலிசிட்டர் ஒரு வார்த்தை கேட்காமல் எண்ணை வெட்டி மாற்றி எழுதினார்.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றார் அம்மா. "ஒப்பிரேசன் முடிஞ்சு வந்து இவர் சமைக்கப் பழகவேணும். எனக்குத் திருப்தி எண்டு நான் சொல்லுமட்டும் பழகவேணும். அதுக்குப் பிறகு நான் நிம்மதியாய் முதல் போவன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் போகக்கூடாது."

அதை உயிலில் எழுத முடியாது என்றார் சொலிசிட்டர். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஐயாவின் பக்கம் திரும்பி, இதற்குச் சம்மதமா என்று சட்டப்படி கேட்பது போலவே கேட்டார். ஐயா எழுந்து நின்று, பழைய ஸ்டேஷன் மாஸ்டர் குரலில், "யெஸ் சேர்" என்றார். கீழேயிருந்து சப்பாத்துக் கடைப் பெண்ணும், அலுவலகத்து வரவேற்பறைப் பெண்ணும் சாட்சிக்கு வந்தார்கள். கையெழுத்துகள் விழுந்தன.

திங்கட்கிழமை ஐயா போனார். ஒப்பிரேசன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னாரோ தெரியாது, அன்று அங்கே மொழிபெயர்த்தது நானில்லை.

அன்று ஒரு சொல்லை மூடி மறைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒப்பிரேசன் நடந்திருக்கும்தான். தேநீர் வந்திராது, பொத்தான் வந்திராது. உங்களை யாராவது நல்ல மனதோடு, நல்ல காரணத்துக்காக, ஒரு வசனத்தை விட்டுவிடச் சொல்லும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு எதையும் ஒளிக்கவேண்டாம். ராகு காலம் இல்லாவிட்டாலும், "கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதன் பிறகு ஹை ஸ்ட்ரீட் நோர்த் மளிகைக் கடைகளில் அம்மாவைக் காண்பேன். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஐயாவின்ரை சமையல் எப்பிடி அம்மா?" என்று கேட்பேன். முதல் வருசம், "சோறு களி" என்றார். அடுத்த வருசம், "பருப்பு பரவாயில்லை, குழம்பு தண்ணி." பிறகொரு வருசம், "புட்டு அவிக்கிறார், ஆனால் அவசரம். ஆவி வரமுன்னம் இறக்கிப்போடுறார்." வருசங்கள் இப்படியே போயின. ஐயாவைப் பற்றிக் கடைக்காரர் வேறு கதை சொன்னார். மீன் வாங்க வந்தால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாராம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சொலிசிட்டர் ஓய்வு பெற்ற செய்தி கேட்டு, அம்மா அவரையும் என்னையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை வாசல்வரை வந்து வரவேற்றது. குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, கீரை, சொதி. எல்லாம் ஐயாவின் கைச்சமையல். ஐயா ஏப்ரன் கட்டிக்கொண்டு, எங்கள் பைகளையும் தானே வாங்கி மாடிப்படியேறிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மூச்சு வாங்கவேயில்லை. சொலிசிட்டர் கையால் சாப்பிடப் பழகியிருந்தார். எனக்கு அது இன்னொரு சந்தோசம்.

நான் ஒரு கவளம் வாயில் வைத்தேன். என் அம்மா உட்பட யாரும் எனக்கு அப்படி ஒரு மீன் குழம்பு வைத்துத் தந்ததில்லை. ஐயா கரண்டியும் கையுமாக, திருப்தி என்று சொல்வாரா என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஆற அமரக் குழைத்து, ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடி யோசித்தார்.

"புளி காணாது" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று சொலிசிட்டர் கேட்டார்.

"புளி போதாதாம்."

அவர் இன்னொரு வாய் எடுத்துச் சுவைத்தார். "எனக்கென்றால் சரியாகத்தான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். சொலிசிட்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாப்கினால் வாயைத் துடைத்து, சட்ட ஆலோசனை சொல்கிற அதே நிதானத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா சொல்வதுதான் சரி என்று சொல்லுங்கள். இன்னும் நெடுங்காலம் பழகவேண்டியிருக்கிறது."

"நீங்கள் சொல்லுறதுதான் சரியாம் அம்மா" என்றேன். "இன்னும் கனகாலம் பழகவேணுமாம்."

"பாத்தியளே?" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு, அம்மா தட்டை நீட்டி, அதே குழம்பில் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார்.